பூல் புலையா: தாளில் ஒரு புதிர்ப்பாதை

லக்னோவின் படா இமாம்பாராவைப் புதிர்ப்பாதையாக வரைய, முகப்பைத் தீட்டி உள்ளே கோடுகளை நிரப்பினால் போதாது. 1784 பஞ்சத்தின்போது மக்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று நவாப் ஆசஃப் உத் தௌலா எழுப்பிய கட்டடம் இது. நடு மண்டபம் ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். உள்ளே தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது. அதன் மேலே ஓடும் குறுகிய நடைகள்தான் பூல் புலையா. ஆளைத் திணறடிக்கவே கட்டியது என்பார்கள். கூரையின் கனத்தைக் குறைக்கக் குடைந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஆகவே வரைபடத்தின் நடுவில் வெற்றிடம் விட்டு, பாதையை அதைச் சுற்றியே ஓட்ட வேண்டும். தட்டைத் தாளில் படிக்கட்டை எப்படிக் காட்டுவது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஒரு பாதையை இன்னொன்றின் அடியில் நுழைத்து, மேலே போவதைப் பாலம்போல வரைந்தால் மாடி வந்துவிடும். பென்சிலில் முதலில் சரியான வழி, முட்டுச்சந்துகள் பிறகு.