மூன்று எண்களில் ஒரு சுரம்

மின்னணு இசைக்கருவி ஒன்றில் ஒரு கட்டை அழுத்தப்படும்போது, அதன் பின்புறத்தில் உள்ள ஐந்து முள் இணைப்பியின் வழியே வெளியேறுவது ஒலி அன்று, மூன்று எண்கள் மட்டுமே. அவை 144, 60, 100 என்று கொண்டால், முதல் எண் முதலாம் தடத்தில் ஒரு சுரத்தைத் தொடங்குமாறு இடும் கட்டளையையும், இரண்டாவது எண் அந்தச் சுரம் கட்டைகளின் நடுவில் உள்ள ‘ஸி’ என்பதையும், மூன்றாவது எண் விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதையும் குறிக்கின்றன. இவற்றைப் பெறும் கருவி புல்லாங்குழலைப் போல ஒலிக்க வேண்டுமா, மணியைப் போல ஒலிக்க வேண்டுமா, அல்லது ஒலியே எழுப்பாமல் ஒரு விளக்கை எரிய வைக்க வேண்டுமா என்பது முழுக்க முழுக்க அந்தக் கருவியைச் செய்தவரின் விருப்பம். மிடி எனப்படும் இந்த உடன்பாடு இவ்வளவு எளிமையாக அமைந்ததால்தான், சிந்தசைசரையும் சீக்வென்சரையும் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கும் பொழுதுபோக்கு நாற்பது ஆண்டுகளாகத் தளராமல் வளர்ந்து வருகிறது.

சிந்தசைசர் என்பது மின்னலைகளை உண்டாக்கி, அவற்றின் வடிவத்தையும் செறிவையும் மாற்றி, ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்யும் கருவி. சீக்வென்சரோ தானாக ஒலி எழுப்புவதில்லை. எந்தச் சுரம், எந்த நொடியில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றக் கருவிகளுக்கு வரிசையாகக் கட்டளையிடுகிறது. தாம் ஆடாமல் தாளத்தாலும் சொற்கட்டாலும் ஆடலை நடத்திச் செல்லும் நட்டுவனாரின் வேலைக்கு ஒப்பானது அது.

இக்கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் வழக்கம் மிடியைவிடப் பழையது. சிந்தசைசர் என்றதும் நினைவுக்கு வரும் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக், தெரெமின் என்னும் தொடாமலே வாசிக்கும் மின்னணுக் கருவியைச் செய்துகொள்வதற்கான உதிரிபாகத் தொகுப்புகளை விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார். ஓக்லஹோமாவில் ஜான் சைமன்டன் 1967-இல் நிறுவிய பையா எலெக்ட்ரானிக்ஸ், சிந்தசைசரையே அத்தகைய தொகுப்பாகக் கொடுத்தது. எனினும் அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசுவதற்குப் பொதுமொழி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் 1981-இல் ஒரு பொது இணைப்பு முறையை முன்மொழிந்தார். ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷியும் பிற ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து அதைச் செப்பமாக்கின. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் வாசித்தது மற்றதில் ஒலித்தது. இம்முறையைப் பயன்படுத்த எவரும் உரிமக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்று விட்டதே அதன் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் பெரிய முடிவு என்று சொல்ல வேண்டும். கட்டணம் விதிக்கப்பட்டிருந்தால், கைச்செலவுக் காசில் உதிரிபாகம் வாங்கும் மாணவருக்கு இத்துறையில் இடமே இருந்திருக்காது.

மிடி கம்பியில் ஒரு நொடிக்கு 31,250 துணுக்குகள் பயணம் செய்கின்றன. பத்து இலட்சத்தை 32-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது, அக்காலச் சில்லுகள் எளிதில் உண்டாக்கக்கூடிய வேகம். ஓர் எண்ணை அனுப்ப, தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் துணுக்குகள் உட்படப் பத்துத் துணுக்குகள் வேண்டியிருப்பதால், மூன்று எண்கள் கொண்ட ஒரு சுரக் கட்டளை சென்றடைய ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகிறது. இன்றைய அளவுகோலில் இது மிக மெதுவான வேகம்தான், ஆயினும் வீட்டில் செய்பவருக்கு இந்த மெதுவே பெருந்துணை. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ பலகையின் பரவலான வடிவில் உள்ள சில்லு நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிப்பதால், ஒரே ஒரு சுரக் கட்டளை வந்து சேர்வதற்குள் அதற்கு 15,000-க்கும் மேற்பட்ட துடிப்புகள் கைவசம் இருக்கின்றன. அந்த இடைவெளிக்குள் திருகுகளைப் படிப்பது, அலையைக் கணக்கிடுவது, விளக்குகளை எரிப்பது ஆகிய எல்லா வேலைகளையும் அது முடித்துவிடலாம்.

மிடி உள்ளீட்டுச் சுற்றைச் செய்து முடிப்பதே தொடக்கநிலையாளர் கற்க வேண்டிய முதல் பாடம். இதில் கம்பி வழியே வரும் 5 மில்லியாம்பியர் மின்னோட்டம், பெறும் கருவியின் சுற்றுக்குள் நேரடியாக நுழைவதில்லை. ஆப்டோகப்ளர் எனப்படும் சிறு சில்லுக்குள் இருக்கும் ஒளியுமிழ் டையோடை அது மினுக்குகிறது. அதே சில்லின் மறுபக்கத்தில் உள்ள ஒளியுணரி அந்த மினுக்கலைப் பார்த்து மீண்டும் மின்குறியாக மாற்றுகிறது. இரு கருவிகளுக்கும் இடையே செய்தி ஒளியாகத் தாண்டுவதால், தரையிணைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிபெருக்கியில் எழுப்பும் ‘உம்ம்’ என்ற இரைச்சலுக்கு இடமில்லாமல் போகிறது. இத்தனை நுட்பத்துக்கும் வேண்டியவை 6என்138 போன்ற ஒரு சில்லும், 220 ஓம் உள்ளிட்ட இரண்டு மூன்று ரெசிஸ்டர்களும், ஒரு சாதாரண டையோடும் மட்டுமே. இணைப்பியின் ஐந்து முள்களும் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் அமைந்திருப்பதும், முன்பக்கம் பார்க்கும்போது இடமாக இருப்பது ஈயம் பற்றவைக்கும் பக்கத்தில் வலமாகிவிடுவதும் சேர்ந்து, நான்காம் ஐந்தாம் முள்களை மாற்றி இணைக்கும் பிழையை மிகப் பொதுவானதாக்கி இருக்கின்றன. அப்படி மாற்றிவிட்டாலும் சில்லு கெடாமல் அந்த டையோடு எதிர்மின்னோட்டத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. பிழை செய்யப்போகிறவரை எண்ணியே வரையப்பட்ட சுற்று இது என்பதில் ஐயமில்லை.

ஒலியை உண்டாக்குவது அடுத்த படி. ஒரு முழு அலையை 65,536 பங்குகளாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 16,384 முறை அலையின் உயரத்தை வெளியிடுவதாக வைத்துக்கொண்டால், 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஒவ்வொரு முறையும் 1,760 பங்குகள் நகர வேண்டும். மேல் ஸ்தாயியின் அதே சுரத்துக்கு 3,520 பங்குகள். கூட்டிக்கொண்டே போகும்போது எண்ணிக்கை 65,536-ஐத் தாண்டினால், வண்டியின் கிலோமீட்டர் காட்டி எல்லா ஒன்பதுகளையும் கடந்து சுழியத்துக்குத் திரும்புவதைப் போல, அதுவும் தானே சுழன்று அடுத்த அலையைத் தொடங்கிவிடுகிறது. கூட்டல் ஒன்றே இதன் அடிப்படை என்பதால், எந்தச் சுரத்துக்கு எந்த எண் என்ற பட்டியலைச் செய்பவரே எழுதுகிறார். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கும் மேற்கத்திய வழக்கம் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. பாரிஸில் எமிலி ஜில்லே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 2010-இல் வெளியிட்டுச் சுற்றுப்படத்தையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவைத்த சிந்தசைசரின் பெயரே ‘சுருதி-1’; அதன் சுருதிப் பட்டியல்களில் யமன், பைரவ், மார்வா போன்ற இந்துஸ்தானி ராகங்களும் இடம்பெற்றிருக்கின்றன.

கமகத்துக்கும் இங்கே வழி உண்டு. மிடியில் சுரத்தை வளைக்கும் கட்டளைக்கு 16,384 நிலைகள் இருக்கின்றன. கருவிகள் அந்த எல்லையை வழக்கமாக மேலும் கீழும் இரண்டிரண்டு அரைச்சுரங்களாக வைப்பதால், காது பிரித்தறியக்கூடியதைவிட நுண்ணிய வளைவுகளையும் அதில் எழுதலாம். குறை கட்டளையில் இல்லை. அதைத் தரும் சக்கரம் கட்டை விரலுக்கானதே அன்றி, தந்தியை இழுத்துப் பழகிய விரலுக்கானது அன்று. தொடும் இடத்துக்கேற்ப மின்தடை மாறும் நாடா ஒன்றை அந்த இடத்தில் பொருத்தினால் விரல் நழுவுகிறபடியே சுரமும் நழுவும். கடையில் கிடைக்காத கருவியைத் தாமே செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பழைய கருவிகளை உயிர்ப்பித்தவர்களும் இத்துறையில் உண்டு. ஜெர்மனியின் தோர்ஸ்டன் குளோசே தொடங்கிய மிடிபாக்ஸ் திட்டம், காமடோர் 64 கணினியில் இருந்த சிட் ஒலிச் சில்லை மிடி கருவியாக மாற்றிக் காட்டியது. லிமோர் ஃபிரைட் 2005-இல் வெளியிட்ட ஸாக்ஸ்பாக்ஸ், ரோலண்டின் டிபி-303 என்னும் பேஸ் கருவியை வீட்டிலேயே செய்துகொள்ள வழி செய்தது. அந்த டிபி-303-ஐக் கொண்டுதான் மும்பையின் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை நடனத் தாளத்தில் இசைத்துப் பதிவு செய்திருந்தார்.

சீக்வென்சரில் நேரமே எல்லாம். மிடியில் ஒரு கால் சுரத்துக்கு 24 என்ற கணக்கில் கடிகாரத் துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற காலத்தில் ஏறத்தாழ 21 மில்லிநொடிக்கு ஒன்று வீதம் அவை வர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் துடிப்புக்குத் துடிப்பு சில்லைக் காத்திருக்கச் சொல்லி நிரல் எழுதுகிறார்கள். காத்திருக்கும் சில்லு திருகுகளைப் பார்ப்பதில்லை, திருகுகளைப் பார்க்கப் போனால் துடிப்பு தாமதமாகிறது, தாளம் தள்ளாடுகிறது. இதற்குத் தீர்வு, சில்லுக்குள் தனியே ஓடும் கடிகாரத்திடம் துடிப்பை ஒப்படைத்துவிடுவது. இன்னொரு தொல்லை, இரண்டு அளவுகளின் எல்லையில் நிற்கும் திருகு 63, 64, 63, 64 என்று ஓயாமல் செய்தி அனுப்பிக் கம்பியையே அடைத்துவிடுவது; அளவு ஓரளவுக்கு மேல் மாறினால் மட்டுமே அனுப்புக என்ற ஒரு வரி அதை அடக்கிவிடும்.

நிரல் எழுதவே தெரியாதவர்களுக்கும் ஒரு சீக்வென்சர் உண்டு. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் தொடங்குவதற்குப் பாதுகாப்பானதும் அதுவே. 555 என்னும் நேரச் சில்லு துடிப்பைத் தர, 4017 என்னும் எண்ணிச் சில்லு ஒவ்வொரு துடிப்புக்கும் தன் பத்து வெளியீடுகளில் ஒன்றை மாற்றி ஒன்றாக உயிர்ப்பிக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ள திருகு அந்தப் படியின் சுரத்தை முடிவு செய்யும் மின்னழுத்தத்தைத் தருகிறது. அப்படியே விட்டால் பத்துப் படிகள் ஓடும். எட்டாவது வெளியீட்டில் இருந்து ஒரு கம்பியை எடுத்து, எண்ணிக்கையை முதலுக்குத் திருப்பும் 15-ஆம் காலில் இணைத்தால், ஏழு படிகள் முடிந்ததுமே சுற்று மறுபடி தொடங்கி மிச்ர சாபுவின் ஏழு எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது. வெளியீடுகளின் வரிசையும் கால்களின் வரிசையும் ஒன்றல்ல என்பதால், எட்டாவது வெளியீட்டை எட்டாம் காலில் தேடாமல் ஆறாம் காலில் தேட வேண்டும். அந்தக் கம்பியின் முனையைப் பிடுங்கி, ஆறாவது வெளியீடு இருக்கும் முதல் காலில் செருகினால், அதே சுற்று அடுத்த கணத்திலிருந்து கண்ட சாபுவுக்கு ஐந்து ஐந்தாக எண்ணுகிறது.