நாளை அமாவாசையா, நாளை மறுநாளா?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் வாழைக்காயும் அகத்திக்கீரையும் முன்வரிசைக்கு வந்துவிட்டால், மறுநாள் அமாவாசை என்று காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம். அன்று பல வீடுகளில் வாசலில் கோலம் கிடையாது. வெங்காயம், பூண்டுக்கும் விடுமுறை. காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் இலை போடுவார்கள்.

சில மாதம் அமாவாசை இரண்டு நாளில் விழுகிறதே, ஏன்? சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. அமாவாசையும் ஒரு திதிதான்; ஒரு நாள் நடுவில் தொடங்கி மறுநாள் முடிந்தால், இரண்டு நாளிலும் விழுகிறது. தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் திதி இருக்கும் நாளை எடுத்துக்கொள்வது பொது வழக்கம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் முரண்பட்டால்? வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் பஞ்சாங்கம்!

தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் தாம்பரத்திலிருந்து திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, சென்ட்ரலில் ரயில் மாற வேண்டும். கோயில் குளத்தில் கரைக்க வெல்லம் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.