ரயிலில் ஏறிய ஸ்வரம்

1845 ஜூன் மாதம். நெதர்லாந்தில் உத்ரெக்ட், மார்சன் ஊர்களுக்கு இடையே ஓர் எஞ்சின் திறந்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. பெட்டியில் இருந்தவர்கள் டிரம்பெட்டில் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதினார்கள். தண்டவாள ஓரத்தில் வேறு சில இசைக்கலைஞர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏற்பாடு பைஸ் பாலட் என்ற இளம் விஞ்ஞானியுடையது. பிப்ரவரியில் முயன்றபோது குளிர்கால வானிலை கெடுத்துவிட்டது. அலை எழுப்பும் பொருள் நகர்ந்தால் அதிர்வெண் மாறித் தெரியும் என்று 1842-இல் ப்ராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் சொல்லியிருந்தார். நட்சத்திரங்களின் நிறத்துக்கும் அதையே காரணம் காட்டினார். பாலட்டுக்கு அந்த நட்சத்திர விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ரயில் நெருங்கும்போது ஸ்வரம் ஏறியும், கடந்தபின் இறங்கியும் கேட்டது. ஒலியைப் பொறுத்தவரை டாப்ளர் சரி. நிறத்தைப் பொறுத்தவரை பாலட்டின் சந்தேகம் சரி. பழகிய இசைக்காதையே அளவுகோலாக்கிய அந்தத் துணிச்சல் இன்றும் வியக்க வைக்கிறது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஊதுபவர் நம்மை நோக்கி வரும்போது ஒவ்வோர் அதிர்வும் முந்தையதைவிடச் சற்று அருகிலிருந்து புறப்படுகிறது. அதனால் அதிர்வுகள் நெருக்கமாக வந்து சேர்கின்றன. விலகிப் போனால் இடைவெளி கூடும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வரும்போது 467 ஆகவும், போகும்போது 416 ஆகவும் கேட்கும். இருபுறமும் ஏறக்குறைய அரை ஸ்வர வித்தியாசம். ஊதுபவருக்கோ எப்போதும் 440தான்.

கிட்டே வர வர ஸ்வரம் ஏறிக்கொண்டே போவதாகப் பலர் நினைக்கிறார்கள். கூடுவது ஓசையின் உரப்பு மட்டுமே. சீரான வேகத்தில் நேரே வரும் ரயிலின் ஸ்வரம் ஒரே உயரத்தில் நிற்கும், கடக்கும்போது விழும். பாதையிலிருந்து தள்ளி நிற்பவருக்கு அது மெல்ல வழுக்கி இறங்கும்.

இந்தக் கணக்கைப் பிறவியிலேயே அறிந்த உயிர் ஒன்று உண்டு: மூக்கில் குதிரைலாட வடிவத் தோல்மடிப்பு கொண்ட வௌவால். ஐரோப்பாவில் வாழும் பெரிய இனத்தின் குரல் ஏறத்தாழ 83,000 ஹெர்ட்ஸ், நமக்குக் கேட்காது. அந்த எண்ணை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் அதன் காது மிகக் கூர்மை. ஆனால் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறந்தாலே, எதிரே நிற்கும் பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலி சுமார் 2,400 ஹெர்ட்ஸ் கூடிவிடும். வௌவால் தன் குரலை ஏறக்குறைய அதே அளவு தாழ்த்திக்கொள்கிறது. எதிரொலி காதுக்குப் பிடித்த இடத்திலேயே வந்து நிற்கிறது. அதில் தெரியும் சிறு நடுக்கம், பூச்சி ஒன்றின் சிறகடிப்பு.