தொழுகை நேரச் செயலிக்கு நம் வீட்டு வாசல் தெரிய வேண்டுமா?

2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. தொழுகை நேரம் பார்க்கவும் கிப்லா அறியவும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தரவிறக்கிய ‘முஸ்லிம் ப்ரோ’ செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர் என்பதே அச்செய்தி. இராணுவத்துக்குத் தாம் தரவு விற்கவில்லை என்று செயலியின் உரிமையாளர்கள் மறுத்தனர். ஆனால் எக்ஸ்-மோடுடனான தொடர்பை உடனே முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தனர். அடுத்த மாதமே அப்பிளும் கூகுளும், எக்ஸ்-மோடின் நிரல் துண்டை நீக்கும்படி செயலி தயாரிப்பாளர்களுக்குக் கட்டளையிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, வணக்கத்தலங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்கு யார் போய்வருகிறார்கள் என்பதைக் காட்டும் தரவை அந்நிறுவனம் விற்கத் தடை விதித்தது.

இப்படிப்பட்ட செய்தி வரும்போது நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒரு சாரார், “மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இரிக்கி?” என்பார்கள். மறு சாரார், “போனே வேணாம்” என்பார்கள். இரண்டுமே நடைமுறைக்கு உதவாதவை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு செயலியின் வேலைக்கு என்ன தேவை, அது நம்மிடம் கேட்பது என்ன?

தகவல் போகும் வழி

இலவசச் செயலியைத் தயாரிப்பவருக்கும் செலவு உண்டு. தரவு வணிகர் அவரிடம் ஒரு நிரல் துண்டைக் கொடுத்து, “இதை உங்கள் செயலிக்குள் வையுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம்” என்கிறார். நாம் பாங்கு நேரத்துக்காகக் கொடுத்த இருப்பிட அனுமதியை அத்துண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. கைபேசி எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதை, அக்கைபேசிக்குரிய விளம்பர அடையாள எண்ணுடன் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

“பேர் போகலையே” என்று ஆறுதல் அடைய முடியாது. இரவு பத்து மணி முதல் விடியும்வரை ஒரு கைபேசி கிடக்கும் இடம் வீடு. பகல் முழுவதும் இருக்கும் இடம் கடையோ பாடசாலையோ அலுவலகமோ. வெள்ளி நண்பகலில் போகும் இடம் பள்ளிவாசல். இந்த மூன்றும் தெரிந்தால் ஊரார் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதோடு எந்த வைத்தியரிடம் போனார், எந்தச் சட்டத்தரணியைப் பார்த்தார் என்பதும் தெரிந்துவிடும்.

வேலைக்கு எவ்வளவு போதும்?

தொழுகை நேரம் சூரியனின் நிலையைக் கொண்டு கணிக்கப்படுவது. கிழக்கு மேற்காக ஒரு பாகை நகர்ந்தால் நான்கு நிமிடம் மாறும். கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு பாகை. ஆகவே லுஹர் நேரம் சுமார் எட்டு நிமிடம் வேறுபடும். ஒரே ஊருக்குள் வரும் வேறுபாடு சில விநாடிகள்தான். கிப்லாவோ இரண்டு ஊர்களிலும் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தே இருக்கிறது. வித்தியாசம் ஒரு பாகை அளவு மட்டுமே. ஆக, இந்தச் செயலிக்கு ஊரின் பெயர் போதும். நாம் எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது அதற்கு அநாவசியம். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நாட்காட்டி இத்தனை காலமும் நம் முகவரியைக் கேட்காமலே நேரம் காட்டி வந்திருக்கிறது.

எனவே இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு, ஊரை நாமே தெரிவு செய்யலாம். அன்ட்ரொய்ட் 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், துல்லியமான இடத்துக்குப் பதிலாகச் சுற்றுவட்டாரத்தை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. அன்ட்ரொய்ட் கைபேசியில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடவும் முடியும். ஊரைத் தெரிவு செய்ய விடாமல் அனுமதியை மட்டும் கேட்டு அடம்பிடிக்கும் செயலியை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடுவதே சரி.

இதே அளவுகோல் மற்றவற்றுக்கும்

2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும் 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் இங்கு சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்போது பலரும் கைக்குக் கிடைத்த இலவச விபிஎன் ஒன்றை இறக்கிக்கொண்டார்கள். விபிஎன் நம் போக்குவரத்தை இணைய சேவை நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைக்கிறது. அதே போக்குவரத்தைத் தன் கண்முன் வைத்துக்கொள்கிறது. நம்பிக்கை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பேஸ்புக் நிறுவனம் ‘ஒனாவோ புரொடெக்ட்’ என்ற இலவச விபிஎன்னை நடத்தி, மக்கள் எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதன் வழியே அறிந்துவந்தது. 2018இல் அது அப்பிளின் செயலிக் கடையிலிருந்து அகற்றப்பட்டது. ஆகவே விபிஎன் தேவைப்பட்டால், யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் இரு முனைகளுக்கும் இடையே பூட்டப்பட்டே போகின்றன. ஆனால் கூகுள் ட்ரைவில் சேமிக்கும் பிரதிக்கு அந்தப் பூட்டு தானாக விழாது. 2021இல் வந்த வசதியை நாமே போய் இயக்க வேண்டும். டெலிகிராமில் ‘இரகசிய உரையாடல்’ தவிர்ந்த சாதாரண அரட்டைகளுக்கும் குழுக்களுக்கும் அப்படியொரு பூட்டே இல்லை. சிக்னல், இலாப நோக்கற்ற அமைப்பொன்று நன்கொடையில் நடத்துவது. ஆகக் குறைந்த தகவலையே சேமிக்கிறது. ஆனால் நம் ஜனாஸா அறிவித்தல் குழுவை அங்கே மாற்றத் தேவையில்லை. ஊருக்கே அறிவிக்கும் செய்தியில் இரகசியம் இல்லை. மருத்துவ அறிக்கை, குடும்பப் பிணக்கு, ஸகாத் பெறுவோரின் பட்டியல் ஆகியவற்றுக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். குறிப்பாக ஸகாத் பட்டியல் ஓர் அமானிதம். இருநூறு பேர் உள்ள குழுவில் அதைப் படம்பிடித்துப் போட்டால் எந்தப் பூட்டும் காப்பாற்றாது.

கணக்கைக் காப்பது

தரவு வணிகரைவிட அன்றாடம் நம்மவர்களுக்கு நட்டம் தருவது மோசடிக்காரன். உறவினரின் கணக்கைக் கைப்பற்றி, அவர் பெயரிலேயே வருவான்: “ராத்தா, உங்கட போனுக்கு ஆறு நம்பர் ஒண்டு வந்திருக்கும். அதக் கொஞ்சம் அனுப்புங்களேன்.” அனுப்பிய மறுகணம் ராத்தாவின் வட்ஸ்அப் அவன் கையில். அடுத்து அவர் பெயரில் காசு கேட்பான். அந்த ஆறு இலக்கத்தை உடன்பிறந்தவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. குரல் அழைப்பெடுத்துப் பேசிப் பார்க்க வேண்டும். வட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய எண்ணை இட்டுவைத்தால், குறியீடு கசிந்தாலும் கணக்கு எளிதில் போகாது. மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி அதனூடாகத்தான் போகிறது. ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்காமல், இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

பிறர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைவதை ஸூரத்துந் நூரும், பிறர் குறையைத் துருவுவதை ஸூரத்துல் ஹுஜுராத்தும் தடுக்கின்றன. ஆகவே குற்றம் செய்தவனுக்கு மட்டுமே அந்தரங்கம் வேண்டும் என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கத்துக்குத் தேவையான அளவே தரவு திரட்டப்பட வேண்டும் என்கிறது. சட்டம் முழுமையாகக் கைக்கு வரும்வரை அந்த அளவை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அனேகமாக ஓர் இளைஞன்தான் கைபேசியைச் சீர்செய்து கொடுத்திருப்பான். வந்த கேள்விக்கெல்லாம் ‘அலவ்’ அழுத்தியிருப்பான். வாப்பா, உம்மாவின் பக்கத்தில் இருந்து, அமைப்புகளில் ‘லொகேஷன்’ பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தெந்தச் செயலிக்கு எந்நேரமும் இடம் தெரிகிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். ஒவ்வொன்றையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, “இது தேவையா?” என்று அவர்களிடமே கேளுங்கள்.