சுண்ணாம்பு எந்த வகையில் சேரும்?

சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்று வேதிவினைகளைப் பள்ளியில் பிரித்துப் படித்திருப்போம். மதிப்பெண் வாங்க அது போதும். ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்குள் எட்டிப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் இடிக்கும்.

கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுத் தீ மூட்டுகிறார்கள். கரி எரிவது எரிதல் வினை. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரே பொருளாவதால் அது சேர்க்கை வினையும்தான். எலக்ட்ரான் கைமாறுவதால் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்றும் சொல்லலாம். நாம் எதைக் கேட்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் வகை.

சுமார் 900 டிகிரி செல்சியஸில் கிளிஞ்சலில் இருக்கும் கால்சியம் கார்பனேட் சிதைகிறது. சுத்தமான சரக்கு 100 கிலோ போட்டால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோதான் தேறும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சுண்ணாம்பின் காரத்துக்குக் காரணம் தீயிலிருந்து ஏதோ உள்ளே புகுவது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். உள்ளே எதுவும் போகவில்லை, ஒரு வாயு வெளியேறியதுதான் காரணம் என்று தராசை வைத்தே காட்டினார் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக். அவருடைய கட்டுரை 1756-இல் அச்சானது.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் சீறும், ஆவி பறக்கும், கட்டி வெடித்து மாவாக உதிரும்; அந்த மாவுதான் நீற்றுச் சுண்ணாம்பு. இது சேர்க்கை வினை. வெப்ப உமிழ் வினையும்கூட. பக்கத்தில் நின்றால் கண்ணுக்கு ஆபத்து. கிளிஞ்சல் சிதைவது, சுட்ட சுண்ணாம்பு நீறுவது ஆகிய இந்த இரண்டு வினைகளிலும் எலக்ட்ரான் கைமாறுவதே இல்லை.

சிக்கல் மூன்றாவதில். சுவரில் பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது, கூடவே தண்ணீரும் வருகிறது. சமன்பாட்டைப் பார்த்தால் சேர்க்கையும் இல்லை, இரட்டை இடப்பெயர்ச்சியும் இல்லை. ஆனால் அந்த வாயு முதலில் ஈரத்தில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்: அமிலமும் காரமும் சேரும் நடுநிலையாக்கல் வினை இது. இப்படி வகைப்படுத்துவதில் பலனும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை; ஈரம் இல்லாவிட்டால் வினையே நின்றுவிடும். பூசிய சுவரைக் கொத்தனார் சட்டென்று காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

வினை மேற்பரப்பில் தொடங்கி மெதுவாக உள்ளே நகரும். பூச்சை உடைத்து ஃபீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளித்தால், இன்னும் காரமாக இருக்கும் உட்பகுதி மட்டும் ரோஸ் நிறமாகும். கார்பனேட்டாகிவிட்ட வெளிப்பகுதி நிறம் மாறாது.