ஒரே பாக்கெட், மூன்று விலை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்பத்தூரில் ஒரு தெருமுனையில் நின்று பாருங்கள். ஆவின் பூத்தில் மாத அட்டைக்காரர் ஒருவர் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார். அதே பூத்தில் அட்டை இல்லாத இன்னொருவர் காசு கொடுத்து அதே பாக்கெட்டை வாங்குகிறார். நாலு வீடு தள்ளி, மளிகைக் கடைக் குளிர்பெட்டியில் இருந்து அதே பாக்கெட்டை மூன்றாமவர் வாங்குகிறார்.

மூவரும் கொடுக்கும் விலை வேறு வேறு. 2022 நவம்பரில் ஆவின் நிறைகொழுப்புப் பாலின் விலையை லிட்டருக்கு 48 ரூபாயில் இருந்து 60 ரூபாயாக உயர்த்தியது. மாத அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அவர்களுடைய பழைய விலையான 46 ரூபாயே தொடரும் என்றது. அரை லிட்டர் பாக்கெட்டுக்கு அட்டைக்காரர் கொடுத்தது 23 ரூபாய், அட்டை இல்லாதவர் கொடுத்தது 30 ரூபாய். தெருக்கடைகளில் அதற்கு மேலும் ‘கூலிங் சார்ஜ்’ என்று ஒன்றோ இரண்டோ சேர்த்து வாங்குவது சென்னைக்குப் புதிதல்ல. பால் ஒன்றுதான், கொழுப்பின் அளவும் ஒன்றுதான். சென்னைக்குப் பால் அடைத்து அனுப்பும் ஆவின் பண்ணைகளில் ஒன்று இதே அம்பத்தூரில்தான் இருக்கிறது.

இந்த மூன்று விலைக்கும் மூன்று காரணம். 23 ரூபாய், மாதம் முழுவதற்கும் முன்கூட்டிப் பணம் கட்டியவருக்கு அரசு கொடுத்த சலுகை. 30 ரூபாய், பாக்கெட்டில் அச்சிட்ட விலை. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் சட்ட மீறல். கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது: பாலில் கமிஷன் மிகக் குறைவு, குளிர்பெட்டிக்குக் கரண்ட் பில், ஒழுகிப்போகும் பாக்கெட்டின் நஷ்டம் எல்லாம் அவர் தலையில் விழுகிறது. அந்த நியாயத்தை அவர் கேட்க வேண்டிய இடம் ஆவினும் பால் நிறுவனங்களும்தான். வாங்க வருகிறவரிடம் அதை வசூலிக்க முடியாது.

பாக்கெட்டில் இருக்கும் எம்.ஆர்.பி., அதாவது அதிகபட்ச சில்லறை விலை, 1990இல் வந்த ஏற்பாடு. அதற்கு முன்பு ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று அச்சிட்டு விற்க இடம் இருந்தது. வரி எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாததால், வரியின் பெயரைச் சொல்லிக் கடைகள் தோன்றியதை வாங்கின. அதைத் தடுக்கவே எல்லா வரியும் உள்ளடங்கிய ஒரே உச்ச விலையை அச்சிட வேண்டும் என்று விதி செய்தார்கள். இன்று அந்த விதி 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழும், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின் கீழும் நடக்கிறது. உச்ச விலையை அரசு நிர்ணயிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சில மருந்துகள் போன்றவற்றைத் தவிர, அதை எழுதுவது தயாரிப்பாளர்தான். அதற்கு மேலே போகக் கூடாது என்பது மட்டுமே சட்டம். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். ஒரே சோப்பு மூன்று கடைகளில் மூன்று விலைக்கு விற்பதெல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான்.

திருமுல்லைவாயிலில் நான் மாதச் சாமான் வாங்கும் கடை அண்ணாச்சியிடம் ஒரு நாள் கேட்டேன்: “இதே சோப்பு பெரிய கடையில குறைச்சலா கிடைக்குதே அண்ணாச்சி, எப்படி?” அவர் கோபப்படவில்லை. கல்லாவுக்குக் கீழிருந்து ஏஜென்சி பில்லை எடுத்து என் முன்னால் வைத்தார். “அவங்க விக்கிற ரேட்டுக்கு எனக்கு வாங்கவே முடியாது சார். எனக்குப் போடுற ரேட்டே இதுதான்.” பில்லின் கடைசியில் ஒரு வரி: 12க்கு 1 ஃப்ரீ. ஒரு டஜன் எடுத்தால் பதின்மூன்று கிடைக்கும். ஒவ்வொன்றின் அடக்கமும் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் குறையும். ஆனால் அந்த அளவில் அந்தச் சரக்கு அவர் கடையில் ஓடாது. மூன்றோ நாலோதான் எடுப்பார். ஆகவே ஸ்கீம் அவருக்குக் கிடைக்காது. பெட்டி பெட்டியாக எடுக்கும் கடைக்கு அந்த எட்டு சதவீதம் முதலிலேயே மிச்சம். அதில் பாதியை வாங்குபவருக்கு விட்டுக்கொடுத்தாலும் மீதி பாதி அந்தக் கடைக்குத்தான்.

கொள்முதல் விலையில் உள்ள இந்த வேறுபாடு ஒருமுறை வெளிப்படையான சண்டையாகவே வெடித்தது. நாடு முழுவதும் உள்ள நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பு 2021 டிசம்பரில் பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. தங்களுக்குக் கிடைக்கும் லாப விகிதம் 8 முதல் 12 சதவீதம் என்றும், ஜியோமார்ட் போன்ற மொத்த விற்பனை நிறுவனங்களுக்கு 15 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கப்படுகிறது என்றும் அது குற்றம் சாட்டியது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் கோல்கேட்டின் சில பொருள்களை விநியோகஸ்தர்கள் எடுக்காமல் நிறுத்தினார்கள். தெருக்கடைக்கும் பெரிய கடைக்கும் நடுவே உள்ள விலை இடைவெளி, பெரும்பாலும் சரக்கு கடைக்கு வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று.

பெரிய கடையின் பலம் அளவு மட்டுமல்ல. டிமார்ட்டைப் பாருங்கள். 2002இல் மும்பை பொவாயில் முதல் கடையைத் திறந்த அந்த நிறுவனம், முடிந்த இடத்திலெல்லாம் கட்டடத்தைச் சொந்தமாகவே வாங்கிக்கொள்கிறது. மாத வாடகை இல்லை. சரக்கு கொடுத்தவர்களுக்குச் சில நாள்களிலேயே பணத்தையும் கொடுத்துவிடுகிறது. சீக்கிரம் பணம் பார்க்கும் கம்பெனி விலையைக் குறைத்துக் கொடுக்கிறது. சி.டி.எச். சாலையில் வாடகைக் கடை நடத்துபவரால் இந்த இரண்டில் எதையும் செய்ய முடியாது.

ஆனால் அண்ணாச்சி செய்கிற ஒன்றைப் பெரிய கடை செய்யாது. அவர் கல்லாவில் நீளமான நோட்டு ஒன்று கிடக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எத்தனையோ குடும்பங்களின் பெயரில் ஒவ்வொரு பக்கம். இருபதாம் தேதி தாண்டினால் அந்தப் பக்கங்கள் நிறையத் தொடங்கும்; ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் கோடு அடிக்கப்படும். வட்டி என்று ஒரு பைசா எழுதுவதில்லை. அந்த வட்டி, சோப்பில் இரண்டு ரூபாயும் எண்ணெயில் நாலு ரூபாயுமாக விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பெரிய கடையில் 98 ரூபாய், இங்கே 100 ரூபாய் என்றால், அந்த இரண்டு ரூபாய் பதினைந்து நாள் கடனுக்கான கூலி. இதைக் கொள்ளை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆவடிக்கு வந்தால் வேறு ஒரு விலை. டாங்க் தொழிற்சாலை, விமானப் படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படை என்று சீருடைக்காரர்கள் நிறைந்த ஊர். ‘மிலிட்டரி கேன்டீன் ரேட்’ என்ற சொல் இங்கே எல்லார் வீட்டிலும் புழங்கும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கேன்டீன் துறை நாடு முழுவதற்கும் சேர்த்து நேரடியாகக் கம்பெனிகளிடம் வாங்குகிறது. அது வாங்கும் பொருள்களுக்கான ஜி.எஸ்.டி.யில் பாதி திருப்பித் தரப்படுகிறது. அளவினால் ஒரு குறைவு, வரியினால் ஒரு குறைவு. அதனால்தான் கேன்டீன் கார்டு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் ஷாம்பு நம் ஷாம்புவைவிட மலிவு. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலும் 30 ரூபாய்த் துவரம்பருப்பும் இன்னும் தெளிவான கணக்கு: சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு தன் கஜானாவில் இருந்து கட்டுகிறது.

வரி மாறும்போது ஒரே கடைக்குள்ளேயே இரண்டு விலை வருவதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய சரக்கின் மேல் புதிய விலையை ஸ்டிக்கராக ஒட்ட அரசு அனுமதித்தது. ஒட்டிய கடையில் ஒரு விலை, ஒட்டாத கடையில் இன்னொரு விலை என்று ஆனது.

மருந்துக் கடைப் பலகைகளையும் பார்த்திருப்பீர்கள். பூந்தமல்லியில் ஒரு கடை ‘20% தள்ளுபடி’ என்கிறது, எதிர்க்கடை 10 என்கிறது, மூன்றாவது கடை எதுவும் சொல்வதில்லை. மூன்றிலும் ஒரே பட்டை மாத்திரை. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அரசே உச்ச விலை வைக்கிறது. அதில் சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பட்டியலில் இல்லாதவற்றில் வழக்கமாகக் கடைக்கு 20, மொத்த வியாபாரிக்கு 10. பல கிளைகள் உள்ள கடை கம்பெனியிடம் நேரடியாக வாங்கி மொத்த வியாபாரியின் பங்கையும் சேர்த்துக்கொள்ளும். அதில் இருந்துதான் தள்ளுபடி வருகிறது. மாத்திரையின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்ந்து மருந்து சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரி 24இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ அதே மூலப்பெயர் மருந்தின் விலையை விசாரியுங்கள். அங்கே கிடைக்கும் வித்தியாசத்துக்கு முன்னால் இந்தத் தள்ளுபடிகள் சிறியவை.

சரி, எங்கே மலிவு என்று தெரிந்தால் எல்லாரும் அங்கேயே போய்விட மாட்டார்களா? விலை தானாக ஒன்றாகிவிடாதா? பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். சிகாகோவில் ஒரே மாடல் செவ்ரோலே காருக்கு டீலருக்கு டீலர் விலை மாறியிருந்தது. விசாரித்து அலைவதற்கும் செலவு உண்டு என்பது அவர் கண்ட காரணம். ஆவடியில் இருந்து பாடிக்குப் போய் 40 ரூபாய் மிச்சம் பிடிக்க 60 ரூபாய் செலவாகும் என்றால் யாரும் போக மாட்டார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் வந்த கதையைப் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அதற்கு முன்பு ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டினார்கள். சில கிலோமீட்டர் தூரத்தில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பினார்கள். படகில் போன் வந்த பிறகு கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

நம் கையில் இன்று போன் இருக்கிறது. ஆனாலும் விலை ஒன்றாகவில்லை. காரணம், கடைகளும் கற்றுக்கொண்டுவிட்டன. சர்க்கரை, துவரம்பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை நமக்கு மனப்பாடம். அவற்றை அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு, விலை நினைவில் நிற்காத மசாலாவிலும் பாத்திரம் துலக்கும் பொருளிலும் ஈடு கட்டுகிறார்கள். ஆப்பில் பொருளின் விலை குறைவு. கடைசிப் பக்கத்தில் கையாளும் கட்டணமும் டெலிவரி கட்டணமும் வந்து உட்காரும். அதே பிராண்டில் இங்கே 180 கிராம், அங்கே 200 கிராம் என்று எடையை மாற்றினால் ஒப்பிடவே முடியாது. இதற்காகத்தான் கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2021இல் விதியைத் திருத்தினார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து வாங்கும் பழக்கம் வந்தால் பாதி மயக்கம் தீரும்.

இத்தனையையும் பார்த்த பிறகு ஒன்று என்னை உறுத்துகிறது. பால் அட்டைக்கு மாதப் பணத்தை முன்னால் கட்ட வேண்டும். ஏஜென்சி ஸ்கீமுக்கு டஜன் கணக்கில் முதல் போட வேண்டும். பெரிய கடைக்குப் போக வண்டியும், ஒரு மாதச் சாமானுக்கு மொத்தமாகக் காசும் வேண்டும். இந்த இடங்களிலெல்லாம் குறைந்த விலை, கையில் முன்பணம் உள்ளவருக்கே. அன்றாடக் கூலி வாங்கி அன்றாடம் அரை லிட்டர் பால் வாங்குபவர்தான் 30 ரூபாயும் அதற்கு மேலே இரண்டு ரூபாயும் கொடுக்கிறார்.

மேலே வாங்கும் அந்த இரண்டு ரூபாயை உடனே நிறுத்த முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கடையின் பெயரையும் இடத்தையும் சொல்லிப் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அந்தத் துறையின் ஆய்வாளர்கள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒருமுறை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் பால் வாங்கிப் பார்க்க வேண்டும். ஆவினிடம் ஒரு வேண்டுகோள்: பால் அட்டைக்கு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு, வாரப் பணம் கட்டி அதே விலையில் வாங்க வழி செய்யுங்கள்.