ஊருக்கு இரண்டு பெயர், பிள்ளைக்கு இரண்டு மொழி

ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது என்பார்களே, அந்தப் பழமொழி பிறந்த ஊர் விருத்தாசலம். சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை இங்குள்ள மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். பொன் கிடைத்த கதை இருக்கட்டும்; இந்த ஊர் தொலைத்துவிட்டு இன்னும் திரும்பப் பெறாத பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர்தான் அது!

தேவாரம் பாடியோர் இவ்வூரை முதுகுன்றம் என்றே அழைத்தனர். கோயிலில் குடிகொண்டவருக்குப் பழமலைநாதர் என்று பெயர். முதுமைக்கு விருத்தம் என்றும், மலைக்கு அசலம் என்றும் வடமொழி வேடம் கட்டி, விருத்தாசலம் ஆக்கினார்கள். பொருள் மாறவில்லை, உரிமை மாறிற்று. தமிழன் வைத்த பெயர் தமிழனுக்கே மறந்தது.

இவ்வூரின் ரயில் சந்திப்பிலிருந்து தெற்கே திருச்சி நோக்கிச் செல்லும் பாதையைப் பாருங்கள், தோழர்களே! அரியலூர் வரும். அதையடுத்த கீழப்பழுவூரின் சின்னச்சாமி, 1964 சனவரி 25 அன்று திருச்சியில் மொழிக்காகத் தன் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார். மேலும் சென்றால் கல்லக்குடி. டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கக் கோரி, 1953 சூலை 15 அன்று கலைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த இடம். 1969-ல் அந்த ஊர் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. விருத்தாசலத்துக்குக் கிழக்கே சிதம்பரத்தில், 1965 சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். இத்தனை உயிர்களின் விலையாக வந்ததே, 1968 சனவரி 23 அன்று அறிஞர் அண்ணா சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம்.

அந்த இருமொழி யாருக்குப் பயன்பட்டது? விருத்தாசலத்துக்கு வந்து பாருங்கள்!

இங்கே திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. சூளைகளில் அகல் விளக்கு, பொம்மை, வீடுகளின் பியூஸ் கட்டை எல்லாம் வேகின்றன. களி, அச்சு, சூளை, மெருகு என்று கைகள் பேசுவது தமிழ். அந்தத் தொழிலின் வேதியியலும் வெப்பக் கணக்கும் பெரும்பாலும் ஆங்கில ஏட்டில் இருக்கின்றன. அப்பன் கையில் இருந்த தொழிலும் ஏட்டில் இருந்த அறிவும் பிள்ளையிடத்தில் சந்திக்கின்றன. அதற்கு இரண்டு மொழி போதும். மூன்றாவது மொழி வந்து எந்தச் சூளையைப் பற்றவைக்கப் போகிறது?

பியூஸ் கட்டை ஏன் பீங்கானில் செய்யப்படுகிறது? மின்சாரம் தன் கம்பியோடு நிற்கட்டும், தொடுகிறவன் கைக்குத் தாவ வேண்டாம் என்பதற்காக. இருமொழிக் கொள்கையும் அப்படித்தான். தமிழன் மின்சாரத்துக்குப் பகைவனல்லன். தன் கையைச் சுடாமல் காத்துக்கொள்கிறான், அவ்வளவே! இந்தக் காப்பைக் கழற்றச் சொல்லித்தான், 2020-ன் கல்விக் கொள்கையில் மும்மொழியை வைத்தார்கள். பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,100 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தப்பட்டது என்று, 2025 மே மாதம் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தின் படி ஏறியது. ஏழை வீட்டுப் பிள்ளையின் பலகையையும் புத்தகத்தையும் பணயமாக வைத்து மொழி விற்பதா?

எதிரியை மட்டும் சுட்டிவிட்டு ஓய்ந்தால் நம் கடமை முடியாது. இருமொழியில் ஒன்றான தமிழுக்கு நாம் செய்தது என்ன?

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே பக்தர்கள் தங்கள் குறையைத் தாளில் எழுதிப் 'பிராது' கட்டுகிறார்கள். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிராது தமிழில் இருக்கிறது! எழுதுகிறவனுக்குத் தான் எழுதியது புரிகிறது. அதே ஆள் சென்னை உயர்நீதிமன்றம் போனால், அவன் வழக்கு அவனுக்கே புரியாத மொழியில் நடக்கிறது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் தில்லியிலேயே தங்கிவிட்டது. கோயிலில் செல்லுபடியாகும் தமிழ் கோர்ட்டில் செல்லுபடியாகாதா?

வழி இல்லாமலும் இல்லை. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் 'வி.ஆர்.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகளோடு வந்தன. ஆனால் எப்போது விதைப்பது, என்ன உரம் இடுவது என்பது உழவனுக்குத் தமிழில் சொல்லப்பட்டதால்தான் விதை வயலுக்குப் போயிற்று. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அந்த ஆண்டில் வந்ததே. இந்தப் பாதை பீங்கான் சூளை வரை நீளவேண்டும்.

தோழர்களே, மேடையில் மொழியைக் காப்பது எளிது. உங்கள் கிளையின் படிப்பகத்தைத் திறந்து பாருங்கள். நாளேடு இருக்கும். தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு தொழில்நுட்ப நூல் இருக்கிறதா? ஆங்கிலம் திக்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லித்தர, படித்த தோழர் ஒருவர் வருகிறாரா? இந்த இரண்டையும் செய்யுங்கள். முதுகுன்றத்துப் பிள்ளை இரண்டு மொழியையும் தன் கையில் ஏந்தட்டும். பறிபோன பெயரைத் திரும்பக் கேட்கும் துணிவு அவனுக்குத் தானே வரும்!